பதினாலாம் எலியின் மூச்சு

6 ஜனவரி, திங்கள்
பிரஷர் 148/92

டைரியின் முதல் பக்கத்தில் பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நாச்சிமுத்து. ஐம்பத்திரண்டு. எலி மேய்ப்பது. கடைசியை அடித்துவிட்டு 'ஆராய்ச்சி நிலைய விலங்குக் கூடத்தில் உதவியாளர்' என்று எழுதினேன். இரண்டும் ஒன்றுதான்.

தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதச் சொன்னது டாக்டர். மெஷின் ஓசூரிலிருந்து மகள் அனுப்பியது. இவ்வளவு பெரிய பக்கத்தில் இரண்டு எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் பாவமாக இருக்கிறது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

எங்கள் எலி அறையில் இரண்டு வகை. ஒன்று பிறவியிலேயே பிரஷர் உள்ள எலி. இன்னொன்று சாதா எலி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஹெப்சிபா மேடம் இவற்றை வைத்துத்தான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம். அவை எங்கேயோ இருக்கிற மூச்சையும் பிரஷரையும் ஆட்டிவைக்கின்றனவா என்பது அவருடைய கேள்வி. பிரஷர் எலியின் புழுக்கையைக் கரைத்து ஒரு கூட்டம் சாதா எலிகளுக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குள் கொடுக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்துக்கு சாதா எலியின் புழுக்கையையே கொடுக்கிறார். வாராவாரம் வாலில் பட்டை மாட்டி பிரஷர் பார்ப்பார், கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு மூச்சை அளப்பார்.

"புழுக்கையில பட்டம் வாங்கறாங்க பாரு" என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். என் மனைவி. நூல் மில்லில் கோன் சுற்றும் மெஷின் ஓட்டுகிறாள்.

"அதைக் கூட்டி அள்ளித்தானுங்க நீங்க சம்பளம் வாங்கறீங்க" என்றாள்.

9 ஜனவரி, வியாழன்
பிரஷர் 146/90

ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்தில் பதிமூன்றாம் எலி செத்துவிட்டது. பல் கோணலாக வளர்ந்து தீனி எடுக்க முடியாமல் போனது. ஆராய்ச்சிக்கும் அதன் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று மேடம் எழுதிக்கொண்டார். அதே கூண்டில் இருந்த பதினாலு இப்போது தனி. வேறு கூண்டில் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்ணே. கூண்டு மாத்தக் கூடாது. அப்படியே இருக்கட்டும்."

மயிலாத்தாளுக்கு இந்த மாதமும் இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் போனால் நான் படுத்த பிறகுதான் வருவாள். சோற்றை மூடி வைத்துவிட்டுப் போகிறாள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

13 ஜனவரி, திங்கள்
பிரஷர் 150/92

பதினாலு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போட்ட தீனியில் பாதி அப்படியே கிடக்கிறது.

14 ஜனவரி, செவ்வாய்
பொங்கல். பிரஷர் பார்க்கவில்லை.

லீவு நாளிலும் எலி சாப்பிடும் அல்லவா? காலையில் பொங்கல் வைத்து முடித்ததும் வேலைக்கு வந்துவிட்டேன். கூடம் முழுக்க நான் ஒருவன்தான். பதினாலு இன்றும் தின்னவில்லை.

எதிர் வரிசையில் மணியகாரர் இருக்கிறார். அவர் பிரஷர் எலி, கொஞ்சம் வயதானவர். கூண்டின் நடுவில் ஊர் நியாயம் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருப்பதால் நான் வைத்த பெயர். அவரும் தனிதான். இருவர் கூண்டையும் ஒட்டிவைத்தேன். கம்பி வழியாக மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டன. சண்டை இல்லை.

18 ஜனவரி, சனி
பிரஷர் 144/90

நாலு நாள் வாசனை பழகியது போதும் என்று நேற்று சாயந்திரம் பதினாலை மணியகாரர் கூண்டில் விட்டேன். இன்று காலை மேடம் வருவதற்குள் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்துப் படுத்திருந்தன. பதினாலு முழுத் தீனியும் தின்றிருந்தது.

பதிவேட்டில் 'பதினாலு: தனி' என்று எழுதினேன். பகலில் தனிதானே.

27 ஜனவரி, திங்கள்
பிரஷர் 142/88

பதினாலு நல்ல சுறுசுறுப்பு. சாயந்திரம் ஐந்தரை ஆனதும் கூண்டுக் கதவுக்கு வந்து நிற்கிறது. மணி பார்க்கத் தெரிந்த எலி. மேடம் அதன் எடையைப் பார்த்து, "பரவாயில்லையே, தேறிட்டான்" என்றார். எனக்கும் சந்தோஷம்.

மகள் போனில் பிரஷர் கேட்டாள். சொன்னேன். ஊறுகாய் தொடுவதில்லை என்றும் சொன்னேன்.

3 பிப்ரவரி, திங்கள்
பிரஷர் 150/94

பிரஷர் எலியின் புழுக்கை போன கூட்டத்துக்கு மெல்ல மெல்ல பிரஷர் ஏறுகிறதாம். மூச்சும் சீராக இல்லையாம். மேடம் நினைத்த மாதிரியே வருகிறது. எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டத்தில் எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பதினாலு. வாலில் பட்டை சரியாக உட்கார்ந்திருக்காது என்றார். அப்படித்தான் இருக்கும்.

10 பிப்ரவரி, திங்கள்
பிரஷர் 158/96. மெஷினில் பேட்டரி குறைவு.

பட்டை சரியாகத்தான் இருந்திருக்கிறது. போன மாதம் 122 இருந்த பதினாலு இன்று 149. கண்ணாடிப் பெட்டியில் விட்டபோது கம்ப்யூட்டரில் ஓடும் மூச்சுக் கோடு நடுநடுவே தட்டையாகிவிடுகிறதாம். அரைமணி நேரத்தில் இருபத்தாறு தடவை மூச்சு நின்று வந்திருக்கிறது.

மேடத்தின் பேராசிரியர் டாக்டர் வரதராஜுலு வந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சத்தம் போடுவதால் நான் அவருக்கு வைத்த பெயர் குக்கர். இன்று சத்தமில்லாமல்தான் சொன்னார்.

"ஒண்ணுக்கு ஏதோ வியாதிம்மா. அதை விட்டுட்டு மிச்சத்தை எழுதுங்க."

"காரணம் தெரியாம எப்படி சார் விட முடியும்? எனக்குப் பிடிக்காத எண் எல்லாத்தையும் விட்டுடலாமா அப்போ?"

குக்கர் விசில் அடித்தது. மேடம் அசையவில்லை.

இன்று சாயந்திரம் பதினாலைத் தனியாகவே விட்டேன். கதவருகே ரொம்ப நேரம் நின்றது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இருந்தாலும்.

13 பிப்ரவரி, வியாழன்
பிரஷர் 156/98

கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். ஒரு பெண் கேட்டாள், ஏன் இரண்டு வகை எலிகளையும் இப்படித் தனித்தனி வரிசையில் வைத்திருக்கிறீர்கள் என்று. நான் தண்ணீர் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எலி எலியோட புழுக்கையைத் தின்னும். அது அதோட வழக்கம். ஒரே கூண்டுல விட்டா ஒண்ணோட குடல்ல இருக்க கிருமி இன்னொண்ணுக்குப் போயிடும். நான் குழாய் வழியா கஷ்டப்பட்டுச் செய்யறதை அதுங்க சும்மா உக்காந்து செஞ்சுடும். அதனாலதான் கூண்டு மாத்தவே கூடாதுன்னு எங்க அண்ணன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவரு ரொம்பக் கவனம்."

பத்துப் பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் இருந்த பாட்டில் நிரம்பி வழிந்து செருப்பு நனைந்துவிட்டது.

எலி புழுக்கை தின்பது எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். அதற்குள் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எவன் கண்டான்?

14 பிப்ரவரி, வெள்ளி
பிரஷர் 162/100

கூண்டு கழுவினேன்.

17 பிப்ரவரி, திங்கள்
பிரஷர் 166/102. புது பேட்டரி போட்டும் இப்படித்தான்.

மேடத்தின் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்துவிட்டது. பதினாலுக்கு சிறுநீரகக் கோளாறா, கட்டியா, ரத்தத்தில் ஏதாவதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை.

"இனி உள்ள பாத்தாத்தான் தெரியும்ணே. வியாழக்கிழமை காலைல எனக்க மேசைக்குக் கொண்டு வந்துடுங்க." அவர் ஊரில் 'என்னுடைய' என்பதற்கு 'எனக்க' என்பார்கள்.

உள்ளே பார்ப்பது என்றால் மயக்கி, அறுத்துப் பார்ப்பது. ஆராய்ச்சி எலி என்றால் ஒருநாள் அதுவும் உண்டுதான். நானே எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இது எதற்கு? அறுத்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் இருக்கப்போவதில்லை. இருக்கிற காரணம் வெளியே நின்று கூண்டு கழுவிக்கொண்டிருக்கிறது.

நான் சாதாரணமாகத்தான் இருக்கிறேன்.

19 பிப்ரவரி, புதன்
பிரஷர் 172/104

காலையில் மயிலாத்தாள் தோசை ஊற்றிக்கொண்டே மெஷினை எட்டிப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டாள்.

"ஏனுங்க, மாத்திரை போடறீங்களா இல்லையா?"

"போடறனே."

"ஒரு வாரமா தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது உங்களுக்கு. நான் எந்திரிச்சு உக்காந்து எண்ணிட்டு இருக்கறேன். என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

எலிக்குத்தான் மூச்சு நிற்கிறது என்று ஆரம்பித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தோசைக்கல் ஆறிப்போயிற்று. அவள் திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தனியா உக்காந்து தின்ன முடியலைன்னு அதுக்குத் துணை சேத்து விட்டீங்களா?"

"எலிதான் தின்னலை" என்றேன்.

"ஆமா, எலிதான்" என்றாள். அடுப்பைப் பற்றவைத்தாள். "போயி அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க. வேலை போனா போவட்டும். முன்ன நீங்க வேலை பாத்த கோழிப்பண்ணை எங்கியும் ஓடிப்போகல."

இன்று மேடம் கூடத்துக்கு வரவில்லை. நாளை காலை சொல்ல வேண்டும்.

20 பிப்ரவரி, வியாழன்
பிரஷர் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனேன். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பதினாலு எங்கண்ணே?"

"கொண்டு வரலீங் மேடம். அதுக்கு வியாதி ஒண்ணுமில்லீங். நான் பண்ணினதுங்."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். பொங்கலன்று கூண்டை ஒட்டிவைத்தது, பதினேழாம் தேதியிலிருந்து சாயந்திரம் சேர்த்துவிட்டுக் காலையில் பிரித்தது, பதிவேட்டில் தனி என்று எழுதியது. மேடம் கையுறையைப் பாதி மாட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த எலியோட?"

"மணியகா... எதிர் வரிசையில தனியா இருக்கற பிரஷர் எலிங்."

"நான் உங்களை எவ்வளவு நம்பினேன் தெரியுமாண்ணே?"

மேசைமேல் விரித்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த எலி ஏன் இப்படி ஆச்சுன்னு பத்து நாளா நான் ஒழுங்கா சாப்பிடலை. எனக்க கையே தப்பா இருக்குமோன்னு, எல்லா எலியையும் திரும்பத் திரும்ப அளந்தேன். நீங்க பக்கத்துலயே நின்னு தண்ணி ஊத்திட்டு இருந்தீங்க."

திட்டியிருந்தால் தேவலை. போகச் சொன்னார். போனேன். கதவு வரை போனவனைக் கூப்பிட்டார்.

"எத்தனை நாள்? சரியாச் சொல்லுங்க. எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரை?"

"ஜனவரி பதினேழு சாயந்திரத்துலருந்துங். பிப்ரவரி பத்து சாயந்திரம் சேக்கலை. டைரியில எழுதியிருக்கறனுங்."

"டைரியா?"

அவர் முகத்தில் கோபம் இருந்தது. கோபத்துக்கு நடுவே வேறு ஏதோ ஓட ஆரம்பித்ததையும் பார்த்தேன். கையுறையைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

21 பிப்ரவரி, வெள்ளி
பிரஷர் 152/94

டைரியைக் காலையில் கொடுத்தேன், சாயந்திரம் திரும்பி வந்தது. ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களை நகல் எடுத்துப் பேராசிரியருக்குக் கொடுத்துவிட்டார்களாம். குக்கர் என்று எழுதியது அதில்தான் இருக்கிறது. அது எனக்கு வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

24 பிப்ரவரி, திங்கள்
பிரஷர் 154/96

பேராசிரியர் கூப்பிட்டார். நகல் அவர் முன்னால் இருந்தது. ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

"பதிவேட்டுல பொய் எழுதியிருக்கீங்க நாச்சிமுத்து. இது சின்ன விஷயமில்லை. ஒரு ஆராய்ச்சியே படுத்திருக்கும்."

"தப்புங் சார்."

"எச்சரிக்கைக் கடிதம் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க. இனி மூணு மாசத்துக்கு உங்க பதிவேட்டுல தினமும் இன்னொருத்தர் கூண்டைப் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

"சரிங் சார்."

"அப்புறம்..." சிவப்புக் கோட்டில் விரல் வைத்தார். "எனக்கு பிரஷர் 124/78. உங்களைவிடக் கம்மி. குக்கர் யாருன்னு யோசிச்சுக்கோங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. குக்கர் சிரித்து நான் இதுவரை கேட்டதில்லை. பேராசிரியர் என்று எழுத வேண்டும். இனி எழுதுகிறேன்.

மேடம் இன்றும் என்னிடம் பேசவில்லை. சீட்டில் எழுதித்தான் வேலை சொல்கிறார். பதினாலைக் கணக்கில் சேர்க்கவில்லை, காரணத்தை அப்படியே எழுதிவிட்டார் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

3 மார்ச், திங்கள்
பிரஷர் 148/92

மேடம் பேசினார்! "அண்ணே, அதுங்க சண்டை போடாம எப்படிச் சேத்தீங்க? வளர்ந்த ஆண் எலி ரெண்டைச் சேத்தா ரத்தக்களரி ஆகும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

நாலு நாள் கூண்டை ஒட்டி வைத்தது, இரண்டின் படுக்கைத் தூளையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் போட்டது, தீனியை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூலையில் வைத்தது எல்லாம் சொன்னேன். கோழிப்பண்ணையில் புது சேவல் விடும்போது கற்றுக்கொண்டது. அவர் எழுதிக்கொண்டார்.

"பதினாலு ஒரு எலிதான். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். "ஆனா கேள்வி கேக்கலாம். குழாயில கொடுக்காம, சும்மா சேந்து இருந்தாலே மூச்சு மாறுமான்னு. அனுமதி கேட்டு, முறையாச் செய்யப் போறேன். எட்டு ஜோடி. பதினாலை வேற ஒண்ணுக்கு வச்சிருக்கேன்."

"அறுக்கறதுக்குங்களா?"

"இல்லண்ணே. அதோட கூண்டுல ரெண்டு சாதா எலியை விடப் போறேன். அதுங்க கிருமி உள்ள போயி இவனோட மூச்சு பழையபடி திரும்புதான்னு பாக்கணும். சேத்து வைக்கிறது உங்க வேலை. இந்தத் தடவை பகல்ல. நான் பாத்துட்டே இருக்கும்போது."

தலையாட்டினேன்.

7 ஏப்ரல், திங்கள்
பிரஷர் 144/90

அனுமதி வந்துவிட்டது. எட்டு ஜோடிகளையும் பதினாலின் புதுக் கூட்டாளிகளையும் ஒட்டிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சேர்ப்பு. பதிவேட்டில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கையெழுத்து.

என் பிரஷருக்கும் குடல்தான் காரணமா என்று மேடத்திடம் கேட்டேன்.

"எலிக்கே இன்னும் முழுசாத் தெரியலை. மனுஷனுக்கு நான் சொன்னா தப்பு. தூக்கத்துல மூச்சு நிக்கிறதா அக்கா சொன்னாங்கன்னு டைரியில இருந்ததே, அதை டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்."

"சொல்லுங்க. அப்புறம் ஊறுகாயை விடுங்க."

"அதைத்தான் எழுதவே இல்லீங்களே!"

"தொடுறதே இல்லைன்னு மகள்கிட்டச் சொன்னதா எழுதியிருந்தீங்க. அதுலயே தெரிஞ்சுது."

5 மே, திங்கள்
பிரஷர் 138/88

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். தூக்கத்தில் மூச்சை அளக்க ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லியிருக்கிறார். எலியைக் கண்ணாடிப் பெட்டியில் விடுவது போல என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மயிலாத்தாள் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு முதல் ஷிப்ட் வாங்கிவிட்டாள். இன்று சாயந்திரம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். நான் மூன்று தடவை சோறு வாங்கியதாகச் சொல்கிறாள். இரண்டு தடவைதான்.

26 மே, திங்கள்
பிரஷர் 140/88

எட்டு ஜோடியில் ஐந்து சாதா எலிகளுக்கு பிரஷர் ஏறி, மூச்சும் மாறியிருக்கிறது. மூன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று பேராசிரியர் சத்தம் போட்டார். "அதான் சார் அடுத்த கேள்வி" என்றார் மேடம், முகமெல்லாம் சிரிப்பாக.

9 ஜூன், திங்கள்
பிரஷர் 136/86

காலை பத்து மணிக்கு மேடம் கூப்பிட்டனுப்பினார். பதினாலு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆறு வருஷத்தில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்தது இல்லை. இழுத்து உட்காரவைத்தார்.

"இதான் மூச்சு. மேல போனா உள்ள இழுக்குது. கீழ வந்தா விடுது. தட்டையா ஓடினா நின்னுடுச்சுன்னு அர்த்தம்."

பச்சைக் கோடு சின்னச் சின்ன மேடாக ஓடியது. முதல் பத்து நிமிஷத்தில் ஒருமுறை தட்டையானது. என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. மறுபடி மேடு வந்தது. அப்புறம் இன்னும் ஒரே ஒருமுறைதான் நின்று வந்தது. காலையில் வாலில் பார்த்த பிரஷர் 127 என்றார் மேடம்.

பேராசிரியர் வாசலில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

"ஒரு எலிதான்மா. ஒரே ஒரு எலி. இதை வச்சு ஆடாதீங்க."

"ஆடலை சார்."

சொல்லிவிட்டுப் போனார். நாலடி போயிருப்பார், திரும்பி வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் பின்னால் நின்றார்.

அரைமணி முடிந்தது. இரண்டே தடவை. பிப்ரவரியில் இருபத்தாறு. மேடம் எண்ணை எழுதினார். ஒரு தரம் சரிபார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பெட்டியைத் திறக்கப் போனேன். பதினாலு வாலைச் சுற்றிவைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு ஏறி இறங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அடுத்த எலியை அளக்க வேண்டும், நேரமாகிறது என்று மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

பேராசிரியர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தூங்கட்டும் விடுங்க" என்றார்.